பாரத் கட்டடத்துக்கு முதலில் ஒரு கூரை போடுங்கள்: எல்.ஐ.சி. நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் தலைவருக்கும் இயக்குநர் குழுவினருக்கும் வணக்கம்.

சென்னை அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பிரியும் முனையில் உங்களுக்குச் சொந்தமான ஒரு கட்டடம் இருக்கிறது. 1897-ல், விக்டோரியா மகாராணி காலத்தில் கட்டியது. முதலில் அதற்குக் கார்டில் பில்டிங் என்று பெயர். இப்போது ஊருக்கெல்லாம் அது பாரத் இன்ஷூரன்ஸ் பில்டிங். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்குத் தற்காலிகமாகவாவது ஒரு கூரை போடுங்கள். பலவீனமான வளைவுகளுக்கு முட்டுக் கொடுங்கள். சுவரில் முளைத்திருக்கும் மரங்களை வேரோடு எடுங்கள். அதை முழுசாக மீட்டெடுப்பதா, எடுத்தபின் என்ன செய்வது, செலவு யாருடையது என்ற பேச்சையெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

பழைய வீடுகளைச் சுண்ணாம்பு வேலையில் பழுது பார்ப்பது என் தொழில். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயப்பேட்டை பக்கத்து வீடுகள்தான் பெரும்பாலும். மாடியில் மழைநீர் இறங்குகிறது, சுவர் உப்புப் பூக்கிறது, உத்திரத்தில் கரையான் ஏறிவிட்டது என்று கூப்பிடுவார்கள். நான் கொத்தனார்களோடு போவேன். பாரத் கட்டடத்தைப் பார்க்கும்போதும் எனக்கு அந்தக் கண்தான். ரசிகனாக அண்ணாந்து பார்த்த காலம் உண்டு. இப்போது தண்ணீர் எங்கே நிற்கும், எந்தச் சுவர் ஊறும், எந்த வளைவு அடுத்துப் போகும் என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது. இன்னொரு உறவும் உங்களோடு எனக்கு உண்டு. இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்களைப் போல நானும் உங்கள் பாலிசிதாரன். ஆகவே இதை வெளியாள் எழுதும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் டபிள்யூ. ஈ. ஸ்மித் அண்ட் கோ என்ற மருந்து வணிகர்கள். வரைந்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். மதராஸ் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தவர். 1892-ல் திறந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தில் ஹென்றி இர்வினோடு சேர்ந்து உழைத்தவர். இந்திய, முகலாய வடிவங்களை ஐரோப்பியக் கட்டுமானத்தோடு கலந்து, இந்தோ சாரசெனிக் என்று நாம் சொல்லும் பாணி அப்போது பெரும்பாலும் அரசாங்கத்துக்கும் அரண்மனைக்கும் உரியது. கட்டடக் கலைஞர் சிசோம் கட்டிய பல்கலைக்கழக செனட் ஹவுஸ், உயர் நீதிமன்றம், எழும்பூரில் அருங்காட்சியகத்தை ஒட்டிய கட்டடங்கள் எல்லாம் அந்த வகை. இதே இர்வின்தான் அடுத்து மைசூரில் உடையார்களுக்கு அரண்மனை வரைந்தார். அந்தப் பாணியைக் கொண்டுவந்து ஒரு மருந்துக்கடைக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். நீதி கேட்டுப் போகிறவனுக்கு எந்தக் குவிமாடமோ, அதே மாதிரிக் குவிமாடத்தின் கீழே இருமலுக்கு மருந்து வாங்க வந்தவனும் நின்றிருக்கிறான். எனக்கு இந்தக் கட்டடத்தில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

அந்த நாளில் மவுண்ட் ரோடு என்று பெயர் கொண்ட அண்ணா சாலையும் அப்படி ஒரு ரோடுதான். 1895-ல் இந்தியாவிலேயே முதல் எலெக்ட்ரிக் டிராம் மதராஸில் ஓட ஆரம்பித்தது. அதே வருடம் ஸ்பென்சர் கம்பெனியின் பெரிய கடை எழுந்தது. பி. ஆர். அண்ட் சன்ஸின் மணிக்கூண்டு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஹிக்கின்பாதம்ஸின் வெள்ளைக் கட்டடம் 1904-ல் வந்தது. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் படை போவதற்கான பாதையாக இருந்தது, இருபது முப்பது வருடத்தில் ஊரின் கடைத்தெருவாக மாறியிருக்கிறது. அந்த வரிசையில் ஸ்பென்சர் கட்டடம் 1983-ல் தீயில் போய்விட்டது. மிச்சம் இருப்பவற்றில் முனையில் நின்று இரண்டு தெருவையும் பார்ப்பது உங்கள் கட்டடம்.

முனையில் இருக்கும் கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெருவின் நடுவில் இருக்கும் வீட்டுக்கு ஒரு முகம் போதும். பக்கச் சுவரை அடுத்த வீடு மறைத்துவிடும். முனைக் கட்டடத்துக்கு இரண்டு முகம், அது போக இரண்டும் சேரும் அந்த மூலை. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கண்ணில் முதலில் படுவது அந்த மூலைதான் என்பதால் அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர்கள் தங்கள் வித்தையை எல்லாம் அங்கே கொட்டுவார்கள். பாரத் கட்டடத்தின் சிவப்புச் செங்கல் முகப்பும், நடைபாதையை ஒட்டி ஓடும் வளைவு வரிசையும், கூரைக்கு மேலே எழும் கூம்புகளும் சின்னக் குவிமாடங்களும் அந்தக் கணக்கில் வந்தவை. வளைவுகளுக்குப் பின்னால் தாழ்வாரம் இருக்கும். வெயில் நேரே கடைச் சுவரில் படாது, மழையில் வந்தவர் ஒதுங்க இடம் கிடைக்கும். அழகும் வசதியும் தனித்தனி என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஆனால் மூலை என்பது கட்டுகிறவனுக்குத் தலைவலியான இடமும்கூட. செங்கல் வளைவு தன் மேல் இருக்கும் பாரத்தைக் கீழே மட்டும் அனுப்பாது, பக்கவாட்டிலும் தள்ளும். வரிசையின் நடுவில் இருக்கும் வளைவுக்குக் கவலை இல்லை: இடப்பக்கத்து வளைவு இப்படித் தள்ள, வலப்பக்கத்து வளைவு அப்படித் தள்ள, இரண்டும் சமமாகிவிடும். கடைசி வளைவுக்கு அந்தப் பக்கம் தாங்க யாரும் இல்லை. அதனால்தான் மூலையில் பருமனான தூணும் அதன் தலையில் கனமான கோபுரமும் வைப்பார்கள். கோபுரத்தின் எடை மேலிருந்து அழுத்தும்போது, வெளியே தள்ளும் விசை கீழ்நோக்கித் திரும்பி அஸ்திவாரத்துக்குள் இறங்கிவிடும். கீழே இருந்து பார்க்கிறவருக்கு அது அலங்காரம்; கொத்தனாருக்கு அது பாரம், வேண்டுமென்றே வைத்த பாரம்.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கட்டடம் ஆபத்தாக இருக்கிறது என்றதும் நம் ஊரில் முதலில் செய்வது, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை இறக்குவது. கூம்பை எடு, கைப்பிடிச் சுவரைத் தட்டு, எடை குறையட்டும் என்பார்கள். கான்கிரீட் கட்டடத்துக்கு அந்த யோசனை சரியாக இருக்கலாம். வளைவில் நிற்கும் செங்கல் கட்டடத்தில் மேலே இருப்பதைக் கணக்குப் பார்க்காமல் இறக்கினால், கீழே கடைசி வளைவு வெளியே நகர ஆரம்பிக்கும். ஆகவே பாதுகாப்பு என்ற பெயரில் அந்த மூலையிலிருந்து ஒரு கல்லை எடுப்பதற்கு முன்னாலும் சுண்ணாம்புக் கட்டு தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கேளுங்கள். கான்கிரீட் மட்டுமே படித்தவர்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை வைத்து இந்தக் கட்டடத்தின் விதியை முடிவு செய்யாதீர்கள்.

இனி உங்கள் சொந்தக் கதைக்கு வருகிறேன். பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1896-ல் லாகூரில் தொடங்கியது. தொடங்கியவர் லாலா ஹர்கிஷன் லால்; பஞ்சாப் நேஷனல் பாங்க் உருவானதிலும் பங்கு உள்ளவர். நம் பணம் நம் கையிலேயே இருக்கட்டும் என்ற சுதேசி எண்ணத்தில் பிறந்த கம்பெனி அது. 1930-களில் மதராஸில் இந்தக் கட்டடத்தை வாங்கியது, பெயரும் மாறியது. பிறகு கம்பெனி தொழிலதிபர் டால்மியா வசம் போனது. பாலிசிதாரர்களின் பணம் அங்கே எப்படியெல்லாம் கைமாறியது என்பதை 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19-ல், ஆயுள் காப்பீட்டை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. அந்த செப்டம்பர் 1-ம் தேதி 245 கம்பெனிகளையும் சேமநிதி நிறுவனங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது.

ஆக, அந்த 245-ல் பாரத் வெறுமனே ஒன்று கிடையாது. பொதுமக்கள் பணத்துக்குப் பொதுமக்களின் நிறுவனமே காவலாக இருக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் முடிவெடுக்கப் பெரிய காரணமாக இருந்த பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கிய கட்டடம் அண்ணா சாலையில் உங்களிடம் இருக்கிறது. கொஞ்ச தூரத்திலேயே 1959-ல் திறந்த உங்கள் உயரமான எல்.ஐ.சி. கட்டடமும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்தவர்கள் வரிசையில் நின்று அண்ணாந்து பார்த்த கட்டடம், எத்தனையோ சினிமாவில் வந்தால் உடனே இது சென்னை என்று புரிந்த கட்டடம். ஒன்று நீங்கள் ஏன் பிறந்தீர்கள் என்று சொல்கிறது, இன்னொன்று பிறந்து எவ்வளவு வளர்ந்தீர்கள் என்று சொல்கிறது. இரண்டும் ஒரே சாலையில், ஒரே உரிமையாளரிடம். எந்த நிறுவனத்துக்கு இப்படி அமையும்? முதலாவதைக் கைவிட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் காலண்டரில் போடுவது உங்களுக்கு நியாயமாகப் படுகிறதா?

வெள்ளைக்காரன் கட்டியதை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். முதல் போட்டவர் வெள்ளைக்காரர்தான். செங்கல் சுட்டதும், சுண்ணாம்பு அரைத்ததும், ஒவ்வொரு வளைவுக்கும் சாரம் கட்டிக் கல் அடுக்கியதும் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்த வேலை மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அது போக, ஸ்மித் கம்பெனி அதை வைத்திருந்ததைவிட இந்தியர்கள் அதை வைத்திருந்த காலம்தான் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

2006-ல் இடிப்பு வேலை தொடங்கியது. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. அதற்குள் சேதம் நடந்துவிட்டிருந்தது. 2010 ஏப்ரலில் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஸ்டீபன்ஸ் உழைத்த ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து அவருடைய இன்னொரு கட்டடத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சென்னையில் பாதுகாக்க வேண்டிய 467 பாரம்பரியக் கட்டடங்களை நீதிபதி பத்மநாபன் குழு பட்டியல் போட்டிருந்ததும், அவற்றைப் பார்த்துக்கொள்ள நிபுணர் குழு ஒன்று வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியதும் இந்த வழக்கோடு சேர்ந்த விஷயங்கள். இந்த ஊரில் பழைய கட்டடங்களுக்காக யார் எங்கே வாதாடினாலும் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைத்தான் கையில் எடுக்கிறார்கள். எல்லாக் கட்டடங்களுக்கும் வழி திறந்துவிட்ட கட்டடம் தான் மட்டும் நனைந்துகொண்டு கிடக்கிறது.

இங்கேதான் என் ஆதங்கம். இடிப்பதற்குத் தடை இருக்கிறது. இடிந்து விழுவதற்கு எந்தத் தடையும் இல்லை. கடப்பாரையை நீதிமன்றம் நிறுத்தியது. மழையை நிறுத்த உரிமையாளரால்தான் முடியும்.

மழை என்ன செய்யும் என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோப்பில் இது வராது. சென்னையில் அந்தக் காலத்துக் கட்டடங்களின் மாடித்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் முறையில் போட்டது. தேக்குச் சட்டங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி அதை இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவார்கள். கட்டை மேலே துள்ளி எழும்ப ஆரம்பித்தால்தான் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். கடைசியாகத் தட்டோடு பதித்து முடிப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை மாடியைப் பெருக்கி, விரிசலை அடைத்து வந்தால் நூறு வருடம் தாராளமாக உழைக்கும்.

பார்க்க ஆள் இல்லையென்றால் முதலில் அடைபடுவது மழைநீர்க் குழாய். இலையும் மண்ணும் சேர்ந்து தண்ணீர் தேங்கும். அது மெல்ல இறங்கி, தேக்குச் சட்டம் சுவருக்குள் நுழையும் முனையில் போய் நிற்கும். சட்டத்தின் நடுப்பகுதி வைரம் மாதிரி இருக்கும், சுவருக்குள் இருக்கும் ஒரு சாண் மட்டும் மக்கிப்போயிருக்கும். ஒரு நாள் சட்டம் நழுவும். தளம் விழுந்தால் அதோடு முடியாது. எதிரெதிர்ச் சுவர்களை இத்தனை காலம் சேர்த்துப் பிடித்திருந்தது அந்தச் சட்டங்கள்தான். தளம் போனபின் உயரமான சுவர் தனியாக நிற்க வேண்டியிருக்கும். மேலே கூரையும் இல்லாததால் சுவரின் தலை திறந்துகிடக்கும். மழை சுவரின் உச்சியிலிருந்து உள்ளுக்குள்ளேயே இறங்கி, சாந்திலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுவரும். வெளியே செங்கல் கம்பீரமாகத் தெரியும். உள்ளே சாந்து வெறும் மணலாகியிருக்கும்.

அப்புறம் அரசமரம். காக்கை எச்சத்தில் விழுந்த ஒரு விதை போதும். சாந்து கரைந்த இடுக்கில் ஈரம் கிடைத்ததும் பிடித்துக்கொள்ளும். வெளியே முழங்கால் உயரச் செடியாக இருக்கும்போதே உள்ளே வேர் பல அடி ஓடியிருக்கும். பல பேர் செய்யும் தப்பு, தெரிகிற கிளையை வெட்டிவிட்டுப் போவது. வெட்ட வெட்ட வேர் பருக்கும், சுவரைப் பிளக்கும். வேரை அடிவரை தொடர்ந்து போய், அந்த இடத்துக் கல்லைப் பிரித்து எடுத்து, மறுபடியும் சுண்ணாம்பில் கட்ட வேண்டும். பெரிய வேராக இருந்தால் பிடுங்கவும் கூடாது. சுவரும் சேர்ந்து வந்துவிடும். முதலில் அதைச் சாகவைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டால் இந்த வேலை இரட்டிப்பாகிறது. அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிற யாரும் அந்தக் கட்டடத்தின் மேல் தழைத்திருக்கும் பச்சையைப் பார்க்கலாம். நானும் பார்க்கிறேன், மனசு பதைக்கிறது.

இதெல்லாம் எங்களால் ஆகிற காரியமா, காப்பீடு விற்பதுதானே எங்கள் வேலை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்களுக்கு இது புதிது இல்லை. கொல்கத்தாவில் சௌரங்கி முனையில் இருக்கும் மெட்ரோபாலிட்டன் பில்டிங் யாருடையது? உங்களுடையதுதான். 1905-ல் வைட்அவே லெய்ட்லா கம்பெனி கட்டிய பெரிய கடை. பிறகு ஒரு காப்பீட்டுக் கம்பெனி கைக்கு வந்து, நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.க்கு வந்தது. கடை, காப்பீட்டுக் கம்பெனி, எல்.ஐ.சி. என்று பாரத் கட்டடத்தின் ஜாதகமேதான். அதுவும் ஒரு காலத்தில் பாழடைந்துதான் கிடந்தது. அதைப் பழுது பார்த்து, வெள்ளையும் பொன்நிறமும் பூசி நிறுத்தினீர்கள். இன்றைக்கு எஸ்பிளனேடில் யார் கேமராவை எடுத்தாலும் அதில் விழுகிற கட்டடம் அது. கொல்கத்தாவில் உங்களால் முடிந்தது சென்னையில் ஏன் முடியாது?

இங்கேயே, நடந்து போகிற தூரத்தில், இன்னொரு உதாரணம் உண்டு. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரையே கொடுத்தார். இனி அவ்வளவுதான் என்று பலரும் கைகழுவிய கட்டடம். பொதுப்பணித்துறை அதை மீட்டெடுத்தது. பக்கத்திலிருக்கும் ஹுமாயூன் மகாலையும் எடுத்தது. அந்த வேலைகளில் ஒரு தலைமுறைக் கொத்தனார்கள் சுண்ணாம்பை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறார்கள். ஆள் இல்லை, தெரிந்தவர் இல்லை என்ற காரணம் பத்து வருடம் முன்னால் செல்லுபடியாகியிருக்கலாம். இப்போது ஆகாது. இருக்கிற ஆட்களும் வேலை இல்லாமல் டைல்ஸ் ஒட்டப் போய்விடுவதற்குள் கூப்பிட வேண்டும் என்பதுதான் இன்றைய நிலைமை.

வேலை நடக்கும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சிமென்ட் வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற முடியாது. அந்த ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு படிகமாகிச் செங்கலைத் தூள்தூளாக்கும். சிமென்ட் பூச்சு மட்டும் பலகை மாதிரி அப்படியே நிற்கும், பின்னால் செங்கல் உதிர்ந்துகொண்டிருக்கும். டெண்டர் எழுதும்போதே சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும், செங்கல் தூள் எந்த அளவு, மணல் எந்த அளவு என்று எழுதிவிடுங்கள். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற வழக்கமான விதியை இதற்கு வைத்தால், காப்பாற்றுகிறோம் என்று சொல்லியே கட்டடத்தை முடித்துவிடுவோம்.

செலவு பெரிதுதான். அந்த இடத்தில் அடுக்குமாடி எழுப்பினால் வரும் வாடகை இதைவிடப் பெரிது என்று உங்கள் கணக்கர்கள் சொல்வார்கள். 2022-லிருந்து பங்குச்சந்தையிலும் இருக்கிறீர்கள், பதில் சொல்ல வேண்டியவர்கள் கூடியிருக்கிறார்கள். புரிகிறது. ஆனால் தீர்ப்பு வந்தபின் அந்த இடத்தில் அடுக்குமாடி என்ற கணக்கு கிடையாது. இப்போது எதிரெதிரே இருப்பது இரண்டே வழி: வாடகை எதுவும் வராமல் வருடாவருடம் சரிந்து, ஒரு நாள் நடைபாதையில் போகிறவர் மேல் விழக்கூடிய கட்டடம், அல்லது சென்னையின் முக்கியமான சாலையில், அரசினர் தோட்டம் மெட்ரோவுக்கும் எல்.ஐ.சி. மெட்ரோவுக்கும் நடுவில், கீழ்த்தளத்தில் கடைகளோடு பிழைத்து நிற்கும் கட்டடம். முதல் வழியில் பாலிசிதாரனான எனக்கு என்ன லாபம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதை மியூசியமாக்குங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சம்மதம் இல்லை. முழுக் கட்டடத்தையும் மியூசியமாக்கினால் திறப்பு விழாவுக்குப் பிறகு கூட்டம் குறையும், பராமரிப்புப் பணமும் குறையும். இது கடையாகப் பிறந்த கட்டடம். கடையாகவே இருக்கட்டும். கீழே வாடகைக்கு விடுங்கள். ஒரு பகுதியில் உங்கள் கிளை அலுவலகம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். பிரீமியம் கட்ட வருகிறவர்கள் அந்த வளைவுகளின் கீழே நடந்து வரட்டும். மேலே ஒரு ஹாலில் மட்டும் இந்திய ஆயுள் காப்பீட்டின் கதையைச் சொல்லுங்கள்: லாகூர் பாரத்தின் பழைய பாலிசிப் பத்திரங்கள், 1955 மக்களவை விவாதம், 245 கம்பெனிகளின் பெயர்கள். உங்கள் ஆவண அறைகளில் இருப்பதையும் முகவர்களின் வீட்டுப் பெட்டிகளில் இருப்பதையும் சேர்த்தாலே அந்த ஹால் நிறையும்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு வியாபாரிகளையும் மறந்துவிடாதீர்கள். கார் உதிரி பாகங்களுக்கு ஊர் முழுக்க அங்கேதான் வருகிறது. சைலன்சரும் சீட் கவருமாகத் தெருவே நிறைந்திருக்கும். வண்டியைப் பழுது பார்க்க விட்டுவிட்டு, ஆகட்டும் என்று காத்திருப்பவர்கள் டீக் கிளாஸோடு நிற்பார்கள். அவர்களுக்கு நேரே மேலேதான் அந்தக் கூம்புகள். சாரம் கட்டும்போதும் நடைபாதையை மறைக்கும்போதும் அவர்களை முதலிலேயே கூப்பிட்டுப் பேசிவிட்டால் வேலைக்குக் காவலே அவர்கள்தான்.

தமிழ்நாடு அரசுக்கும் இங்கே ஒரு வார்த்தை. பாரம்பரிய ஆணையச் சட்டத்தை 2012-லேயே சட்டசபையில் நிறைவேற்றிவிட்டு, அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பல வருடங்கள் எடுத்துக்கொண்டீர்கள். மும்பை 1995-லேயே பாரம்பரியக் கட்டட விதிகளைப் போட்டுவிட்டது. இனியாவது இந்த மாதிரிக் கட்டடத்தை வைத்திருப்பவருக்கு அதைக் காப்பது சுமையாக இல்லாதபடி செய்யுங்கள். இங்கே கட்ட முடியாத தளப்பரப்புக்கு ஈடாக வேறு இடத்தில் கட்டும் உரிமை, சொத்துவரிச் சலுகை, ஒரே மேஜையில் எல்லா அனுமதியும் என்று கொடுக்க எத்தனையோ இருக்கிறது. எல்.ஐ.சி.யை அழைத்து உட்காரவைத்துப் பேச வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

மறுபடியும் உங்களிடமே வருகிறேன். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். இரும்புக் குழாய்ச் சாரம் கட்டி, மேலே தகரக் கூரை போட்டு, தண்ணீரைக் குழாய் வழியாகத் தெருவோரக் கால்வாய்க்கு இறக்குவது சில வாரத்து வேலை. சாரம் சுவரின் மேல் சாயாமல் தனியாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே கட்டடத்தை ஒவ்வொரு அறையாக அளந்து, படம் எடுத்து, உதிர்ந்து கிடக்கும் அலங்காரச் செங்கல், மரவேலை, இரும்புக் கம்பி எதையும் குப்பையாக வாரிப் போடாமல் எண் போட்டு ஒரு அறையில் பூட்டி வையுங்கள். மீட்டெடுக்கும் நாளில் அந்தத் துண்டுகளை மாதிரியாக வைத்துத்தான் புதியதை வார்க்க முடியும். ஒரு கூம்பின் நுனி தொலைந்தால் அதை மறுபடி வரைய நமக்கு யாருடைய கையெழுத்தும் கிடைக்காது.

சாரத்தைச் சுற்றித் தகரம் அடைப்பீர்கள். அந்தத் தகரத்தில் விளம்பரம் ஒட்ட விடாமல், என்ன வேலை நடக்கிறது, யார் செய்கிறார்கள், எப்போது முடியும் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். போகிறவர்கள் படிப்பார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களின் பட்டியல் வேண்டுமென்றால் என்னைப் போல இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறோம். கேட்ட அன்றைக்கே தருகிறோம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து உங்கள் பாலிசிதாரர் ஒருவர்